தண்டையார்பேட்டைக்குத் திரும்பும் ஹவில்தாருக்கு: செக்யூரிட்டியா, சர்க்கார் வேலையா, லாரியா?

ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான்: "என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஏ.எஸ்.சி. என்ற சப்ளை, போக்குவரத்துப் பிரிவில் டிரைவர். ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடித்து வரும் மார்ச்சில் தண்டையார்பேட்டைக்கே வந்துவிடுகிறார். வயது 43. பத்தாவது படித்துவிட்டு சேர்ந்தவர். செக்யூரிட்டி வேலை ரெடியாக இருக்கிறது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். செட்டில்மென்ட் பணம் வந்ததும் டிரெய்லர் வாங்கலாம் என்கிறார் அவர். டிகிரி முடித்து சர்க்கார் வேலைக்குப் போகட்டும் என்கிறேன் நான். எது சரி? கப்பற்படையில் அக்னிவீராக இருக்கும் என் தம்பிக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

நான் ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் சுபேதாராக இருந்து 2012-ல் வெளியே வந்தவன். வீடு திருவொற்றியூர். வந்த முதல் வருடம் செய்யக்கூடாத தப்பெல்லாம் செய்தேன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மூன்று பேரும் மார்ச்சுக்குப் பிறகு என்ன என்று யோசிக்கிறீர்கள். பாதி வேலை மார்ச்சுக்கு முன்னால் இருக்கிறது. யூனிட்டில் இருக்கும்வரை ஒரு கையெழுத்து வாங்க ஆபீஸ் கிளார்க்கிடம் நடந்து போனால் போதும். வெளியே வந்துவிட்டால் அதே கையெழுத்துக்கு பெங்களூரு ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிட்டு போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் அடுத்த லீவில் வரும்போது அவரை உட்கார வைத்து முதலில் பெயரைச் சரி பாருங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நமக்கு இனிஷியல், அவர்களுக்கு சர்நேம். ஆதாரில் "மு. குமார்", ராணுவ ரெக்கார்டில் "குமார் முருகேசன்", பத்தாவது சர்டிபிகேட்டில் வெறும் "குமார்" என்று மூன்று ஆட்கள் ஒரே உடம்பில் இருப்பார்கள். உங்கள் பெயர், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (யூனிட் வெளியிடும் பதிவு ஆணை) ஆதாரில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் கணினி வழியாக வருகிறது. ஒரு எழுத்து மாறினாலும் அது நிறுத்திக் கேள்வி கேட்கும். நாளைக்குக் குடும்ப பென்ஷன் என்று வந்தால் அலையப் போவது நீங்கள்தான்.

அடுத்தது அவருடைய வேலைக்கான காகிதம். அவரிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்டால் "வண்டி ஓட்டுவேன்" என்பார். பந்தயம் கட்டுகிறேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். 24 வருட ஹவில்தார் வெறும் டிரைவர் இல்லை. எம்.டி. பார்க்கில் (யூனிட் வண்டிகள் நிற்கும் இடம்) எத்தனை வண்டி அவர் பொறுப்பில் இருந்தது, எத்தனை டிரைவர்களுக்கு டியூட்டி போட்டார், மலைப் பாதையில் கான்வாய் கொண்டு போனாரா, டீசல் கணக்கும் கார் டைரியும் யார் பார்த்தது, எத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார், இதையெல்லாம் எழுதுங்கள். எண்ணூர் பக்கம் ஐம்பது டிரெய்லர் வைத்திருக்கும் முதலாளி தேடுவது இந்த ஆளைத்தான். ஆனால் "ஹவில்தார், எம்.டி." என்று பயோடேட்டாவில் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. "40 கனரக வாகனங்கள், 55 டிரைவர்கள், பராமரிப்பு அட்டவணை, எரிபொருள் கணக்கு" என்று உண்மையான எண்ணிக்கையைப் போட்டு எழுதினால் புரியும். வடசென்னையில் இவர் செய்த வேலைக்கு ஆள் தேவை நிறைய. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி சுத்திகரிப்பு ஆலை, நடுவில் கன்டெய்னர் யார்டுகள் என்று எல்லாமே வண்டியை நம்பி ஓடுகிற இடம். கேட்பது மட்டும் சிவில் காகிதம்.

அந்தக் காகிதத்தில் முதலாவது லைசென்ஸ். மிலிட்டரி லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளியே கனரக வண்டி ஓட்ட முடியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பாதுகாப்புத் துறை வண்டிகளுக்காக 18-ஆம் பிரிவின்படி கொடுத்த லைசென்ஸ் வைத்திருந்தவர் அதே வகை வண்டிக்கு சிவில் லைசென்ஸ் கேட்டால், ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டிலிருந்து விலக்கு கேட்கலாம். இது பலருக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருடம் லடாக் ரோட்டில் ஓட்டியவர் எட்டுப் போட்டுக் காட்ட வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ.வுக்குப் போகும்போது மிலிட்டரி லைசென்ஸின் ஒரிஜினலும் யூனிட் கொடுத்த சான்றும் கையில் இருக்கட்டும்.

லைசென்ஸ் வந்ததும் அதன் மேல் இன்னொன்று ஏற்றலாம். பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றும் வண்டிக்கு அபாயகரமான சரக்குக்கான பயிற்சி கட்டாயம். மூன்று நாள் வகுப்பு, லைசென்ஸில் குறிப்பு. மணலி டேங்கர் வண்டிகளுக்கு இது இல்லாமல் ஆள் எடுக்க மாட்டார்கள். சொந்தமாக ஓட்டப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. டேங்கர் டிரைவர்களை மேய்க்கப் போகிறவருக்கும் இந்தக் குறிப்பு இருந்தால் மரியாதை வேறு.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் வந்த புதிதில் "மூன்றே மாதத்தில் சேஃப்டி டிப்ளமோ, நூறு சதவிகிதம் வேலை" என்று ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டினேன். சர்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணிக்கொண்டு மணலியில் ஒரு ஆலைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "சார், தொழிற்சாலைச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு இது செல்லாது." பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வைப்பது சட்டக் கட்டாயம். அதற்கான படிப்பை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் ஒரு வருடம் நடத்துகிறார்கள். அதில் சேரவும் பொறியியல் டிப்ளமோ, பட்டம், அனுபவம் என்று தகுதிகள் உண்டு. பத்தாவது படித்த உங்கள் வீட்டுக்காரருக்கு அது பொருந்தாது. ஆனால் யாராவது மூன்று மாத சேஃப்டி கோர்ஸ் என்று வந்தால் என் லேமினேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அது இன்னமும் பீரோவில்தான் இருக்கிறது.

கோர்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டி.ஜி.ஆர். என்று மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது, டெல்லி ஆர்.கே. புரத்தில். ஓய்வுக்கு முந்தைய காலத்தில் யூனிட் மூலம் அவர்கள் படிப்புகளுக்கு அனுப்புவார்கள். ஜவான்களுக்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணம் கிடையாது. அதிகாரிகள்தான் ஒரு பங்கு கட்ட வேண்டும். இதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கிடைத்த கோர்ஸில் சேர்ந்து, நிம்மதியாக சில மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அதைத்தான் செய்தேன். அவர் லாஜிஸ்டிக்ஸ், கிடங்கு மேலாண்மை, வாகனப் பராமரிப்பு என்று கேட்டு வாங்கட்டும். இப்போதே கம்பெனி கமாண்டர் காதில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சரி, சர்க்கார் வேலை. உங்கள் ஆசை நியாயமானது, ஆனால் அதற்கு டிகிரி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாவது தேறி 15 வருடம் படையில் இருந்தவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசு குரூப் சி (கிளார்க் போன்ற) பணிகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு இது இல்லை. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 43-ல் சர்வீஸ் 24-ஐக் கழித்தால் 19. அந்த 19, பதவிக்கான வயது வரம்போடு மூன்று வருடம் கூட்டினால் வருகிற எண்ணைத் தாண்டாமல் இருந்தால் போதும். மத்திய அரசில் குரூப் சி-யில் 10 சதவிகிதம், பழைய குரூப் டி-யில் (பியூன் போன்ற வேலைகள்) 20 சதவிகிதம் ஒதுக்கீடு. பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் அதுவே 14.5, 24.5. ரயில்வேயின் லெவல் 1 வேலைகளிலும் நமக்கு 20 சதவிகிதம். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று ரயில்வே குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்த உங்களுக்கு அந்த வேலையின் அருமையை நான் சொல்ல வேண்டாம்.

முக்கியமானது இது: ஒரு வருடத்துக்குள் சர்வீஸ் முடிகிறவர் யூனிஃபார்மில் இருக்கும்போதே இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதாவது அவர் இன்றைக்கே தகுதியானவர். மார்ச் வரை காத்திருந்து ஒரு அறிவிப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கம். ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அதன்பிறகு அந்தச் சலுகையை மறுபடி கேட்க முடியாது. ஆனால் சேருவதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றைத் தேதிவாரியாக எழுதிச் சேரும் இடத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்தத் தேர்வுகளுக்குச் சலுகை தொடரும். 2014-ல் வந்த ஆணை இது. எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் சின்ன வேலையில் சேர்ந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வந்த வங்கி வேலையை இந்த ஒரு காகிதம் இல்லாமல் விட்டார். நோட்டு ஒன்று போட்டு, விண்ணப்பித்த தேதி, எண் எல்லாம் எழுதுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். அவர் எழுத மாட்டார்.

பென்ஷன் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 55 வயதுக்கு முன் வெளியே வந்த ஜவானும் ஜே.சி.ஓ.வும் மத்திய அரசு வேலையில் சேர்ந்தால், சம்பளம் நிர்ணயிக்கும்போது அவர் பென்ஷனைக் கணக்கில் எடுத்துக் கழிக்க மாட்டார்கள். சம்பளம் தனி, பென்ஷன் தனி.

இவ்வளவு ஒதுக்கீடு இருந்தும் நம் ஆட்களுக்கு ஏன் கிடைப்பதில்லை? கணக்கும் ரீசனிங்கும்தான் காரணம். 24 வருடம் சதவிகிதக் கணக்கு போடாதவர் போய் உட்கார்ந்தால் தேர்ச்சி மதிப்பெண்ணே வராது, இடம் காலியாகவே போகும். ஆறு மாதம், தினம் மூன்று மணி நேரம், பத்தாவது படிக்கும் உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ சொல்லிக் கொடுத்தாலும் போதும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது, விதிமுறை பொருந்துகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் சத்தம் என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, உட்கார்ந்து படிக்க நல்ல இடம். இருபது வயதுப் பையன்களோடு உட்காரக் கூச்சப்படுவார். இரண்டு வாரத்தில் அந்தப் பையன்களே "சார், பார்டர் கதை சொல்லுங்க" என்று சூழ்ந்துகொள்வார்கள். படிக்க விடுவார்களா என்பதுதான் அப்புறம் பிரச்சினை.

டிகிரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியார் கம்பெனி 15 வருட விதியைப் பட்டமாகப் பார்க்காது. மேனேஜர் நாற்காலிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பட்டம் உதவும். இக்னோவிலோ சைதாப்பேட்டை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். முதலில் பன்னிரண்டாவதை முடிக்க வேண்டியிருக்கும். அது மெதுவாக நடக்கட்டும், அதற்காக மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள்.

செக்யூரிட்டி வேலைக்கு வருகிறேன். அதைக் கேவலமாகப் பேசுகிறவன் நானில்லை. தமிழ்நாடு அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986-லிருந்து முன்னாள் படைவீரர்களை அரசு நிறுவனங்களுக்குக் காவல் பணிக்கு அனுப்புகிறது. அலுவலகம் சைதாப்பேட்டையில், பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயரில் இருக்கும் கட்டடம். சொந்தக்காரர் சொல்லும் தனியார் ஏஜென்சியைவிட டெக்ஸ்கோவில் பதிவு செய்வது நூறு மடங்கு மேல். என் குறையெல்லாம் ஒன்றுதான். முதல் மாதமே போய் 12 மணி நேர நைட் டியூட்டியில் உட்கார்ந்துவிட்டால் பரீட்சைக்குப் படிக்க முடியாது, இன்டர்வியூவுக்குப் போக முடியாது. தூங்கி எழுந்தால் மறுபடி டியூட்டி. ஒரு வருடம் மட்டும் என்று போனவர்கள் பத்து வருடமாக அதே கேட்டில் நிற்கிறார்கள். கனரக வண்டிப் படையை நடத்தத் தெரிந்த ஆள் போய் விசிட்டர் நோட்டில் வண்டி நம்பர் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி டிரெய்லர். தங்கச்சி, இந்த ஒன்றில் மட்டும் சண்டை போடுங்கள்.

கம்யூட்டேஷன், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், பி.எஃப். என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரும் பணம் அது. பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்யலாம், அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் 15 வருடத்துக்குப் பென்ஷன் குறைந்துதான் வரும். ஆக அது லாட்டரிப் பணம் இல்லை, அவருடைய சொந்த எதிர்காலத்திடம் வாங்கிய கடன். அதைக் கொண்டுபோய் ஒரே வண்டியில் போடுவதா? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வெளியே மைல் கணக்கில் நிற்கும் டிரெய்லர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிற்கிற வண்டிக்கு வருமானம் இல்லை, ஆனால் தவணை உண்டு, டிரைவர் பேட்டா உண்டு. பத்துக்கு மேல் டயர், வருடா வருடம் இன்சூரன்ஸ், அதோடு எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று. ஒற்றை வண்டிக்காரர் பெரிய டிரான்ஸ்போர்ட்காரரிடம்தான் லோடு எடுக்க வேண்டும். அவர் பில்லைப் பாஸ் பண்ண ஒன்றிரண்டு மாதம் ஆக்குவார், டீசல் பங்க்காரன் இன்றைக்கே காசு கேட்பான். எங்கள் தெருவில் 2015-ல் ஒரு நண்பர் இப்படித்தான் வண்டி எடுத்தார். இரண்டாம் வருடம் வண்டி பைனான்ஸ்காரரிடம் போனது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான். வண்டியை ஓட்டுவது வேறு, வண்டித் தொழிலை ஓட்டுவது வேறு.

தொழில் ஆசை இருந்தால் வழி இருக்கிறது. முதல் ஒரு வருடம் யாரிடமாவது ஃப்ளீட் சூப்பர்வைசராகச் சம்பளத்துக்கு இருக்கட்டும். யார் ஒழுங்காகப் பணம் தருகிறார், எந்த யார்டில் எத்தனை மணி நேரம் வண்டி நிற்கிறது, டயர் எங்கே மலிவு என்று அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ளலாம். அதன்பிறகு, சொந்தப் பணத்தை முழுக்கப் போடாமல் திட்டங்களைப் பாருங்கள். "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டம் நம் போன்றவர்களுக்காகவே 2024 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவிகிதம் மூலதன மானியம், 3 சதவிகிதம் வட்டி மானியம். மத்திய அரசின் சுயதொழில் மானியத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவு. நம் பங்கு 5 சதவிகிதம், நகர்ப்புறத்தில் மானியம் 25. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டம். ஒரே தொழிலுக்கு இரண்டு மானியமும் வாங்க முடியாது. அதோடு, பி.எம்.இ.ஜி.பி. மானியம் உடனே கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் முடங்கிக் கிடந்து, தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். மானியத்தைக் காட்டிப் பங்காளியாகச் சேர வரும் மச்சான்களுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால் அவருக்கு லாரியைவிட லாரிகளுக்கு வேலை செய்யும் தொழில் பொருந்தும். கன்டெய்னர் வண்டிகளுக்குப் பிரேக், ஏர் லைன், லைட், தார்ப்பாய் பார்த்து எஃப்.சி.க்குத் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை. மணலி ரோட்டில் வண்டிக்குப் பஞ்சமா? வண்டி நின்றால் லாரிக்காரருக்கு நஷ்டம், இவருக்கு வேலை.

உங்கள் தம்பி விஷயம் வேறு. அக்னிவீர் நான்கு வருடம் முடித்து வந்தால் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே மேலே சொன்ன 10, 20 சதவிகிதக் கணக்கெல்லாம் அவருக்குப் பொருந்தாது. நான்கில் ஒரு பங்கு வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். வெளியே வரும்போது தரும் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாக, 2022-ல் திட்டம் அறிவித்தபோது சொன்ன கணக்குப்படி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல் வரும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்குத் தனி ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. வயது இருபத்திரண்டு இருபத்து மூன்றுதான் இருக்கும், அவருக்குப் படிப்புதான் முதல். கப்பலில் செய்த வேலையைப் பொறுத்து வணிகக் கப்பல் பக்கம் போகலாமா என்று ராஜாஜி சாலையில் இருக்கும் எம்.எம்.டி. என்ற மத்திய அரசின் வணிகக் கப்பல் துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். கப்பல் வேலைக்கான சி.டி.சி. புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று பாரிமுனைப் பக்கம் சுற்றும் ஏஜென்ட்டுகளிடம் பத்துப் பைசா கொடுக்க வேண்டாம்.

வந்த பிறகு முதல் வாரத்து வேலை ஒன்றே ஒன்று. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு. இயக்ககம் நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், ராஜா முத்தையா சாலையில். அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, பிள்ளைகளின் உதவித்தொகை, காக்கும் கரங்கள் எல்லாத்துக்கும் அங்கிருந்துதான் ஆரம்பம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், குடும்பப் போட்டோ, எல்லாத்திலும் மூன்று ஜெராக்ஸ்.

கடைசியாக, வீட்டு விஷயம். முதல் மூன்று மாதம் கொஞ்சம் கஷ்டம். ரேஷன் கடையில் வரிசை கலைந்தால் கத்துவார். பையன் ஏழு மணிக்கு எழுந்தால் கத்துவார். தெருவில் இருக்கிறவர்கள் "மிலிட்டரி, கேன்டீன் சரக்கு இருக்கா?" என்பதைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேச மாட்டார்கள், அதற்கு உள்ளுக்குள் நோவார். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தால் பாதி சரியாகிவிடும், அது படைப்பகமோ பட்டறையோ. அடுத்த லீவு எப்போது என்று கேட்டு வையுங்கள். வரும்போது மிலிட்டரி லைசென்ஸ் ஒரிஜினலையும், டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கு யூனிட் சான்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பயோடேட்டாவை நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.